கூடைக்கு வந்தது, கோர்வைக்கு வரவில்லை

2020 ஊரடங்கின்போது தமிழ்நாட்டில் பல வீடுகளுக்கு ஒயர் கூடை திரும்பி வந்தது. பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாடு கொண்டுபோன காலத்தோடு பரணுக்கு ஏறிவிட்ட பொருள் அது. அம்மாவுக்கோ பாட்டிக்கோ போடத் தெரியும், மகளுக்குத் தெரியாது. மகள் யூடியூபைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். கைபேசியைச் சொம்பில் சாய்த்து வைத்து நான்கு முடிச்சு பார்ப்பாள், நிறுத்துவாள், நான்கு முடிச்சு போடுவாள், மறுபடி ஓடவிடுவாள். சாதா முடிச்சில் தொடங்கி நெல்லிக்காய், சிவன் கண் வரை போனவர்கள் உண்டு. போட்ட கூடையை அக்கம்பக்கத்தில் விற்றவர்களும் உண்டு.

அதே மாதங்களில் ஆரி வேலையும் பரவியது. சட்டத்தில் துணியை இறுக்கிக் கட்டி, கொக்கி ஊசியால் நூலையும் சரிகையையும் மணியையும் கோத்துக் கல்யாண ரவிக்கைகளுக்குப் போடும் வேலை இது. வாட்ஸ்அப் குழுவில் வகுப்பு நடக்கும். மாதிரித் துணியைப் படமெடுத்து அனுப்பினால், எந்தத் தையல் தளர்ந்திருக்கிறது என்று ஆசிரியை சொல்லுவார். வீட்டை விட்டு வகுப்புக்குப் போக முடியாத பெண்கள் பலர் இப்படிக் கற்றுச் சம்பாதிக்கிறார்கள். டிஜிட்டல் யுகம் கைத்தொழிலை விழுங்கிவிட்டது என்று வருந்துகிறவர்கள் இந்தக் கூடையையும் ரவிக்கையையும் ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் அதே கைபேசிதான் காஞ்சிபுரத்துத் தறிவீட்டிலும் இருக்கிறது. சுவாமிமலை வார்ப்புப் பட்டறையிலும், பத்தமடையில் கோரை கிழிக்கும் திண்ணையிலும் அதே இணையம்தான். பட்டு நெய்வது, பஞ்சலோகம் வார்ப்பது, பாய் முடைவது என எல்லாவற்றுக்கும் காணொலி இருக்கிறது. லட்சக்கணக்கானோர் பார்த்தும் இருக்கிறார்கள். கற்றுக்கொள்ள வந்து உட்கார்பவர்கள்தான் இல்லை. கூடைக்கு வேலை செய்த கைபேசி பட்டுச்சேலையின் கோர்வை நெசவுக்கு ஏன் வேலை செய்யவில்லை?

குற்றவாளி கைபேசி இல்லை என்பதற்குக் கணக்கே சாட்சி. அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, 1995-96இல் நெசவிலும் அதைச் சார்ந்த வேலைகளிலும் இருந்தவர்கள் சுமார் 65.5 லட்சம் பேர். 2009-10இல் அது 43.3 லட்சம், 2019-20இல் 35.2 லட்சம். இணையக் கட்டணம் மலிந்து கைபேசி எல்லார் கைக்கும் வந்தது 2016க்குப் பிறகுதான். 22 லட்சம் பேர் அதற்கு வெகுமுன்பே தறியை விட்டுப் போய்விட்டார்கள். ஆகவே திரையைத் திட்டுவதாலும் பயனில்லை, திரையே மீட்டுத் தரும் என்று நம்புவதாலும் பயனில்லை.

ஒயர் கூடை ஏன் கைபேசி வழியாக வந்தது என்று பார்த்தால் பாதி விடை கிடைக்கும். கூடைக்கு முடிச்சை எண்ணலாம். தவறு நடந்தால் கண்ணுக்குத் தெரியும். நிறம் ஒரு கட்டம் தள்ளி நிற்கும். தெரிந்ததும் பிரித்துவிட்டு அதே ஒயரில் மறுபடி போடலாம். ஒயர் எந்த ஊர்க் கடைத்தெருவிலும் கிடைக்கும், முதல் கூடை கோணலாக வந்தாலும் பெரிய நட்டமில்லை. சுருங்கச் சொன்னால், கற்பவரே தமக்கு வாத்தியாராக இருக்க முடியும். ஆரி வேலையும் ஏறக்குறைய இதே இனம். இப்படி எண்ணக்கூடிய, தவறு கண்ணுக்குத் தெரியக்கூடிய, பிரிக்கக்கூடிய, மலிவான கைவேலைகளுக்கு இணையத்தைப் போன்ற பள்ளிக்கூடம் இதுவரை இருந்ததில்லை. இந்த நான்கும் இல்லாத தொழில்களில்தான் சிக்கல் தொடங்குகிறது.

கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் விக்கிரக வேலை ஓர் ஓலை நறுக்கில் ஆரம்பமாகிறது. செய்யப்போகும் விக்கிரகத்தின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, மடித்து மடித்துப் பங்கு பிரிப்பார்கள். ஒடியோலை என்று பெயர். முழு உயரத்தை 124 பங்காகப் பிரிப்பது உத்தம தச தாலம். சிவன், விஷ்ணு போன்ற பெருந்தெய்வங்களுக்கு உரிய அளவு அது. சாண் உயர விக்கிரகமானாலும் ஆளுயர விக்கிரகமானாலும் ஓலையின் மடிப்புக் கணக்கு மாறாது. அளவுகோல் நீளத்தைச் சொல்லும், ஒடியோலை விகிதத்தைச் சொல்லும். ஓர் உருவத்தை எத்தனை மடங்கு வேண்டுமானாலும் பெரிதாக்கிச் சிறிதாக்கிக் கொள்ளும் இன்றைய கணினி வரைபடத்தின் உத்தியைச் சோழநாட்டுக் கைகள் ஓர் ஓலையில் மடித்து வைத்திருந்தன.

இந்தக் கணக்கில் ரகசியம் எதுவும் இல்லை. மயமதம், மானசாரம், காசியபம் போன்ற சிற்ப நூல்களில் பல நூற்றாண்டுகளாக எழுத்தில் இருக்கிறது. ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்தது, இப்போது காணொலிக்கும் வந்துவிட்டது. ஆனாலும் நூலைப் படித்துமட்டும் யாரும் ஸ்தபதி ஆகவில்லை. ஏடு எதைத் தர முடியவில்லையோ அதையேதான் காணொலியாலும் தர முடியவில்லை.

மெழுகைப் பாருங்கள். தேன்மெழுகோடு குங்கிலியத்தையும் எண்ணெயையும் காய்ச்சிச் சேர்ப்பார்கள். வெயில் காலத்தில் ஒரு பதம், மழைக்காலத்தில் வேறு பதம். சரியாக வந்திருக்கிறதா என்பதை விரல்கள்தான் சொல்ல வேண்டும். மெழுகு உருவத்தின்மேல் காவிரி வண்டலை அரைத்து முதல் பூச்சு பூசுவார்கள். விக்கிரகத்தின் நகக்கண்ணும் நகையின் மணியும் அந்த மெல்லிய பூச்சில்தான் பதிகின்றன. நிழலில் உலர்த்தி, மேலே மேலே மண் சாத்தி, கம்பி கட்டிக் கருவாக்குகிறார்கள். பிறகு வறட்டி மூட்டத்தில் சுட்டு மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். உலோகம் பதமாகிவிட்டதை அதன் நிறமும் தீயின் நிறமும் சொல்லும். ஊற்றும்போது கை நிற்கக் கூடாது. ஆறியபின் கருவை உடைத்தால்தான் உள்ளே என்ன வந்திருக்கிறது என்று தெரியும். ஒரு விக்கிரகத்துக்கு ஒரே கரு. இங்கே பிரித்துவிட்டு மறுபடி போடுவது என்ற பேச்சே கிடையாது.

இதையெல்லாம் படமெடுக்கலாம். கை போகும் வழி படத்தில் தெரியும், கையின் அழுத்தம் தெரியாது. மெழுகின் வாசனை மாறுவது தெரியாது. உளி சரியாக இறங்கும்போது ஒரு சத்தம், பிசகும்போது வேறொரு சத்தம். மைக்கில் இரண்டும் ஒன்றாகவே கேட்கும். பட்டறையில் ஆசான் வாயால் சொல்லுவது குறைவு, பையனின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்புவது அதிகம். காணொலி எத்தனை முறை வேண்டுமானாலும் செய்து காட்டும். பார்ப்பவரின் கையைத் திருத்த அதற்குக் கை இல்லை.

இன்னொரு நுட்பமான ஆபத்து உண்டு, அதிகம் பேசப்படாதது. கோவையின் நகைப் பட்டறைகளில் கணினியில் வரைந்த உருவை இயந்திரம் மெழுகாகவே அச்சிட்டுத் தருகிறது, அதை அப்படியே வார்க்கிறார்கள். வேலை வேகமாகிறது, பிசகு குறைகிறது. விக்கிரகப் பட்டறைக்கும் இது வரத் தடையேதும் இல்லை. ஆனால் மெழுகு காய்ச்சுவதும் மண் அரைப்பதும் கம்பி கட்டுவதும்தான் புதிதாக வந்த பையனின் முதல் வகுப்புகள். எடுபிடி வேலையாகத் தோன்றும் அந்த வேலைகளில்தான் பொருளின் குணம் விரலுக்குப் பழகுகிறது. அவற்றை இயந்திரம் வாங்கிக்கொண்டால் கைதேர்ந்தவருக்கு வசதிதான். புதிதாக வருபவருக்கு உட்கார இடமில்லாமல் போகிறது. ஏணியின் மேல்படி பத்திரமாக இருக்க, கீழ்ப்படிகள் கழன்றுபோகின்றன.

காஞ்சிபுரத்தில் கதை இதைவிடக் கனமானது.

காஞ்சிப் பட்டின் அடையாளம் கோர்வை. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் சேரும் இடத்தில் உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று கவ்வி நிற்க வேண்டும். இதற்கு மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெய்பவர் ஒருவரால் மூன்றையும் பார்த்துக்கொள்ள முடியாது. ஒரு பக்கத்துக் கரைக்கு நாடா எறியப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். பட்டுத்தறியில் கற்றல் தொடங்கிய இடம் அந்தப் பக்கத்து இருக்கைதான். நாடா எறிந்து எறிந்து, பெரியவரின் கால் மிதியையும் கை வீச்சையும் பார்த்துப் பார்த்து, ஒருநாள் நடு இருக்கைக்கு வருவார்கள்.

அந்தப் பக்கத்து இருக்கையில் நெடுங்காலம் உட்கார்ந்திருந்தது குழந்தை. சொந்தப் பிள்ளையாக இருந்தால் கூலியில்லை. பிறர் பிள்ளையாக இருந்தால், பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக வந்த பிள்ளை. 1990களில் காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளில் நடந்த குழந்தை உழைப்பு நாடு முழுவதும் பேசப்பட்டது. 1986ஆம் ஆண்டுச் சட்டம், மாவட்ட நிர்வாகத்தின் நடவடிக்கைகள், தொண்டு அமைப்புகளின் வேலை, இவற்றோடு சத்துணவும் இலவசப் பாடநூலும் தந்த அரசுப் பள்ளி என எல்லாம் சேர்ந்து பிள்ளைகளைத் தறிக்குழியிலிருந்து தூக்கி வகுப்பறையில் உட்கார வைத்தன. தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய மாற்றம் இது. இதைச் சொல்லாமல் பாரம்பரியம் அழிகிறதே என்று புலம்புவது, அந்தப் பிள்ளைகளின் தேய்ந்த விரல்களை மறைப்பதாகும்.

பிள்ளை எழுந்து போனதும் இருக்கை காலியானது. அதில் வளர்ந்தவர் ஒருவரை உட்கார வைக்க வேண்டுமானால் வளர்ந்தவருக்கான கூலி கொடுத்தாக வேண்டும். சேலையின் விலையில் அதற்கு யாரும் இடம் வைக்கவில்லை. கோர்வை இல்லாத சேலைகள் பெருகின. ஒற்றை ஆளே கோர்வை போடும்படி தறியில் மாற்றங்கள் செய்து பார்க்கப்பட்டன. இதற்கிடையில், 1990களின் இறுதியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் கார் தொழிற்சாலைகளும் மின்னணுத் தொழிற்சாலைகளும் எழுந்தன. தேதி தவறாத சம்பளம், வீட்டுப்பக்கம் வந்து ஏற்றிக்கொள்ளும் பேருந்து, பி.எஃப். பிடித்தம். நெசவாளர் வீட்டுப் பிள்ளை அந்தப் பேருந்தில் ஏறியதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

கணினிக்கும் தறிக்கும் பகை என்று நினைப்பதும் சரியில்லை. பிரான்சில் 1804இல் ஜக்கார்டு உருவாக்கிய தறியில் ஓட்டையிட்ட அட்டைகள்தான் எந்த இழை எழ வேண்டும், எது படுக்க வேண்டும் என்று முடிவு செய்தன. பின்னாளில் கணினிக்குக் கட்டளை கொடுக்கப் பயன்பட்ட துளை அட்டைகளுக்கு முன்னோடி அதுவே. காஞ்சிபுரத்தில் அதற்கு முன் ‘அடை’ என்ற முறை இருந்தது. உருவத்தின் ஒவ்வொரு வரியையும் நூல் முடிச்சுகளாகத் தறியிலேயே கட்டி வைத்து, இழுத்து இழுத்து நெய்வார்கள். அடை போய் அட்டை வந்தது, அட்டையும் போய் இப்போது கணினியில் வரைந்த கோப்பு வருகிறது. பழைய சேலைகளின் யானையும் யாளியும் அன்னமும் அந்தக் கோப்பில் பத்திரமாக இருக்கும். ஆனால் அதை நெய்ய ஓர் ஆள் தறியில் உட்கார வேண்டும்.

கைத்தொழிலைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது பற்றித் தமிழ்நாட்டில் பேசும்போது 1953ஐத் தாண்டிப் போக முடியாது. அன்றைய சென்னை மாநிலத்தில் முதல்வர் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டப்படி, பிள்ளைகள் மூன்று மணி நேரம் பள்ளியில் படித்துவிட்டு மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். சலவைத் தொழிலாளியின் மகன் வெளுக்க, சவரத் தொழிலாளியின் மகன் சிரைக்க என்றுதானே ஆகும்? குலக்கல்வித் திட்டம் என்று பெயர் சூட்டிப் பெரியாரும் திராவிட இயக்கமும் எதிர்த்தார்கள், காங்கிரசுக்குள்ளேயும் எதிர்ப்பு எழுந்தது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது. தமிழ் மண்ணில் ‘அப்பன் தொழில்’ என்ற சொல்லுக்குள் இந்த வரலாற்றின் வலி இருக்கிறது.

எழுபது ஆண்டுகள் கழித்து அதே விவாதம் திரும்பி வந்தது. 2023 செப்டம்பர் 17 அன்று ஒன்றிய அரசு பி.எம். விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. தச்சர், கொல்லர், சிற்பி, படகு செய்வோர் என 18 தொழில்களுக்குக் கருவி வாங்க 15,000 ரூபாய், மூன்று லட்சம் ரூபாய் வரை கடன், கூடவே பயிற்சி. குடும்பத் தொழிலாகச் செய்பவர் என்ற நிபந்தனையை நீக்க வேண்டும், குறைந்தபட்ச வயதை 18இலிருந்து 35ஆக உயர்த்த வேண்டும் என்று தமிழ்நாடு அரசு கேட்டது. ஒன்றிய அரசு ஏற்காததால், 25 தொழில்களுக்கான கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025இல் தானே தொடங்கியது. அதில் குடும்பத் தொழில் என்ற நிபந்தனை இல்லை. குறைந்தபட்ச வயது 35. இளம் வயதில் படிப்பை விட்டுவிட்டு யாரும் பரம்பரைத் தொழிலுக்குள் சிக்கிவிடக் கூடாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

கொள்கையில் தமிழ்நாட்டின் நிலை சரியானது. ஆனால் இரண்டு திட்டங்களிலும் விடுபட்டுப்போன ஒருவர் இருக்கிறார். எந்தச் சாதியில் பிறந்தவராகவும் இருக்கட்டும், பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு இருபது வயதில் தம் விருப்பத்தில் ‘எனக்கு வார்ப்பு வேலை கற்றுக்கொள்ள வேண்டும்’ என்று வந்து நிற்பவர். ஒன்றியத் திட்டத்தின் அடிப்படைப் பயிற்சி 40 மணி நேரம், மேற்பயிற்சி 120 மணி நேரம். ஏற்கெனவே தொழில் தெரிந்தவர் தம்மை மெருகேற்றிக்கொள்ள அது உதவும். புதிதாக வருபவருக்கு மெழுகின் பதம் பிடிபடவே அந்த நேரம் போதாது. மாநிலத் திட்டத்துக்கோ அவர் இன்னும் பதினைந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். இரண்டு அரசுகளும் கைவினைஞருக்குக் கடன் கொடுக்கின்றன. கற்பவருக்கு மாதச் சோறு போடுவது யார் பொறுப்பு என்று இரண்டும் சொல்லவில்லை.

குலத்துக்கு வெளியே தொழில் போகாது, ரத்தத்தில் இருந்தால்தான் வரும் என்ற பேச்சு இன்னும் கேட்கிறது. அது பொய் என்பதற்கு ஆந்திரத்தின் ஸ்ரீகாளஹஸ்தி சான்று. அங்கே கலம்காரித் துணி ஓவியம் கிட்டத்தட்ட அணைந்துபோன நிலையில், 1950களின் இறுதியில், கமலாதேவி சட்டோபாத்யாயின் முயற்சியால் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. எஞ்சியிருந்த மூத்த கலைஞர் ஒருவரை ஆசானாக உட்கார வைத்து, வெளிப்பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்துச் சொல்லித் தந்தார்கள். இன்று அந்த ஊரில் கலம் பிடிப்பவர்களில் பலருடைய கலை வழி அந்தப் பள்ளிக்குத்தான் போய்ச் சேர்கிறது.

மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரியும் அப்படித்தான் கதவைத் திறந்தது. ஸ்தபதி குடும்பத்துப் பிள்ளையும் உளியையே பார்க்காத பிள்ளையும் ஒரே கூரையின்கீழ் கல் கொத்துகிறார்கள். கன்னியாகுமரியில் 133 அடி உயரத் திருவள்ளுவரை வடித்த வை. கணபதி ஸ்தபதி அந்தக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பில் பல்லாண்டு இருந்தவர். பிள்ளையார்பட்டி மரபில் வந்தவர் தம் குலத்து வித்தையை அரசுக் கல்லூரியின் பாடமாக மாற்றிப் பொதுவில் வைத்தார். பட்டறைக்குள் பூட்டியிருந்ததைத் திறந்தது யூடியூப் என்று இன்றைய தலைமுறை நினைக்கலாம். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இப்படிச் சிலர் திறந்து வைத்திருந்தார்கள்.

ஆனால் கற்று முடித்தவருக்கு வேலை வர வேண்டும். ஜப்பானின் இசே ஆலயத்தை இருபது ஆண்டுக்கு ஒருமுறை முழுவதுமாகப் புதிதாகக் கட்டுகிறார்கள். 2013இல் 62ஆவது முறையாகக் கட்டி முடித்தார்கள். இருபது வயதில் எடுபிடியாக இருந்தவர் நாற்பதில் கைதேர்ந்தவராகவும் அறுபதில் ஆசானாகவும் இருக்கும்படி அந்தக் கால இடைவெளி அமைந்திருக்கிறது. நம்மிடமும் இதற்கு இணையான ஒன்று உண்டு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு. கல் வேலை, சுதை வேலை, வாகனத்துக்கு மரவேலை, விளக்குக்கும் கவசத்துக்கும் உலோக வேலை என்று ஒரு கோவிலின் திருப்பணி எத்தனையோ தொழில்களை உயிரோடு வைத்திருக்கிறது. 2023இல் ஜி20 மாநாட்டுக்காகச் சுவாமிமலையில் 27 அடி உயரத்தில், சுமார் 18 டன் எடையில் நடராசரை வார்த்தபோது உலகமே பார்த்தது. அப்படிப்பட்ட பெருவேலை என்றோ ஒருநாள் வரும். பட்டறையில் அடுத்த தலைமுறையை நிறுத்தி வைப்பது சுற்றுவட்டாரத்துச் சிறு கோவில்களின் ஆண்டு முழுவதுமான வேலைதான்.

கற்பவரும் வேலையும் இருந்தாலும் பொருள் இல்லாவிட்டால் கை என்ன செய்யும்? தஞ்சை மாவட்டத்து நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் செய்ய ஆச்சா மரம் வேண்டும். பல பத்தாண்டுகள் காய்ந்த மரமாக இருந்தால்தான் நாதம் பேசும் என்று, இடிக்கிற பழைய வீடுகளின் உத்திரங்களைத் தேடி வாங்குகிறார்கள். பழைய வீடுகள் குறையக் குறைய மரமும் குறைகிறது. 2022இல் அந்த நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் காவல் வந்தது நல்லதே. உத்திரத்துக்கு யார் காவல்? சுவாமிமலையின் வண்டலுக்கும் பத்தமடையின் கோரைக்கும் இதே கேள்விதான். காவிரியும் தாமிரபரணியும் சீராக இருக்கும்வரைதான் அந்தத் தொழில்கள். ஆற்றை எந்தக் கோப்பிலும் சேமித்து வைக்க முடியாது.

டிஜிட்டல் கருவிகள் உண்மையாகவே உதவக்கூடிய இடங்களும் இருக்கின்றன. முதலாவது, செய்தவரின் பெயர். மிருதங்கம் என்றால் வாசித்தவரின் பெயர்தான் நினைவில் நிற்கும். தோலைப் பதப்படுத்தி, வார் பிடித்து, சோறு வைத்து அதைப் பேசவைத்தவரின் பெயர் கச்சேரி மேடையில் ஒலித்ததில்லை. பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020இல் எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூல் அந்தக் குடும்பங்களை, பெரும்பாலும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்களை, வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. இன்று ஒரு கைவினைஞர் தம் பட்டறையிலிருந்தே தம் பெயரோடும் முகத்தோடும் தம் வேலையைக் காட்ட முடியும். பெயர் தெரிந்தால் மதிப்பு வரும், மதிப்பு வந்தால் அடுத்தவர் கற்க வருவார். தன் மகனை இந்த வேலைக்கு விடமாட்டேன் என்று கைவினைஞர்கள் சொல்லும்போது கூலியின் குறையோடு அவமதிப்பின் குறையும் சேர்ந்தே பேசுகிறது.

இரண்டாவது, ஏற்கெனவே கற்றுக்கொண்டிருப்பவருக்குத் துணை. பகலில் ஆசான் கையைத் திருத்தினார்; இரவில் அதே ஆசானின் கையைப் படத்தில் நிதானமாக ஓடவிட்டுப் பார்த்தால் தன் பிசகு புரியும். எண்பது வயது ஆசானின் கை இன்றே படமாக வேண்டும், நாளைக்கு என்று தள்ளிப்போட நேரமில்லை. அந்தப் படம் பாடத்துக்குத் துணை நிற்கும் என்ற தெளிவோடு எடுக்க வேண்டும். ஆவணப்படுத்திவிட்டோம், காப்பாற்றிவிட்டோம் என்று கோப்பை மூடிவிடுவதுதான் ஆபத்து.

கேடும் உண்டு. மதுரைச் சுங்குடி என்பது துணியை நுனிவிரலால் கிள்ளி, நூல் சுற்றி முடிந்து, சாயத்தில் தோய்த்து, பிரித்தெடுக்கும் புள்ளிகள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள். சௌராஷ்டிரப் பெண்களின் விரல்கள் காத்துவந்த வித்தை. இணையத்தில் சுங்குடி என்று தேடினால் அச்சடித்த புள்ளிகள்தான் குவிகின்றன, முடிந்து செய்தது எங்கோ அடியில் கிடக்கிறது. புவிசார் குறியீடு 2005இலேயே வந்தும் இந்த நிலை. வாங்குபவரின் கண் அச்சுப் புள்ளிக்குப் பழகிவிட்டால், முடிச்சுப் புள்ளியின் சின்னச் சின்ன ஏற்றத்தாழ்வு குறையாகத் தெரிய ஆரம்பிக்கும். கைத்தறியென்று விசைத்தறித் துணியை விற்பதும் இதே கதை. கற்கும் கை தளர்வதற்கு முன்னால் பார்க்கும் கண் கெட்டுப்போகிறது.

ஆக, பதிவு செய்வது, விற்பது, பெயரைப் பரப்புவது ஆகியவற்றுக்கு இன்று வழி இருக்கிறது. வழியில்லாமல் நிற்பது ஒன்றே ஒன்று. கற்பவர் எதுவும் சம்பாதிக்க முடியாத அந்த முதல் ஐந்தாறு ஆண்டுகள். முன்பு அந்தச் செலவைக் குழந்தையின் இலவச உழைப்பும் சாதிக் கட்டாயமும் ஏற்றுக்கொண்டிருந்தன. இரண்டையும் நாம் நியாயமாகவே வெறுக்கிறோம். அப்படியானால் அந்தச் செலவைப் பணமாகக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஜப்பான் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வந்த ஏற்பாட்டில் தன் மூத்த கைவினைஞர்களை வாழும் தேசியச் செல்வங்களாக ஏற்று, கலையைக் காக்கவும் அடுத்தவருக்குக் கற்பிக்கவும் ஆண்டுக்கு 20 லட்சம் யென் தருகிறது.

இதற்கு ஜப்பான்வரை போகவும் வேண்டாம். தமிழ்நாட்டின் இந்து சமய அறநிலையத் துறை அர்ச்சகர், ஓதுவார், தவில், நாகசுரப் பயிற்சிப் பள்ளிகளை நடத்துகிறது. மாணவர்களுக்கு மாதந்தோறும் ஊக்கத்தொகை தருகிறது. தலைமுறை தலைமுறையாக ஒரு குலத்துக்குள் இருந்த அர்ச்சனையை அனைத்துச் சாதியினருக்கும் சொல்லிக்கொடுத்து, அப்படிப் படித்தவர்களுக்கு 2021 ஆகஸ்டில் பணி ஆணையும் கொடுத்தது இதே மாநிலம். மந்திரத்துக்குச் செய்ததை உளிக்கும் நாடாவுக்கும் செய்ய முடியும். பதினெட்டு வயது நிறைந்த, பள்ளிப் படிப்பு முடிந்த, எந்தக் குலத்தில் பிறந்த ஆணும் பெண்ணும் விரும்பி வந்தால், பட்டறையில் ஓர் ஆசானிடம் உட்கார்ந்து கற்கும் ஆண்டுகளுக்கு மாதச் சம்பளம். கற்றுக்கொடுக்கும் ஆசானுக்கும் அதற்கெனத் தனிச் சம்பளம்.

கோவில் திருப்பணிக் குழுக்களும் கூட்டுறவுச் சங்கங்களும் அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த திருப்பணிக்கு மதிப்பீடு எழுதும்போது கல்லுக்கு இவ்வளவு, சுண்ணாம்புக்கு இவ்வளவு, ஸ்தபதிக்கு இவ்வளவு என்று எழுதும் தாளிலேயே, அவரிடம் கற்கும் ஒருவருக்கான கூலி என்று ஒரு வரியும் எழுதுங்கள். பட்டு எடுக்கப் போகிறவர்கள் கடையில் கோர்வையைத் தொட்டுப் பார்த்து, இதை நெய்தவர் யார், பக்கத்தில் உட்கார்ந்து நாடா எறிந்தவருக்குக் கூலி போனதா என்று கேளுங்கள்.